வெளியேறுபவரின் அறை யாருக்கு?

2024 ஏப்ரல் 6 அன்று, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியாக் குடியிருப்பில், புஷர் ஸ்ட்ரீட் என்று பெயர்பெற்றிருந்த தெருவின் பாவுகற்களைக் குடியிருப்பாளர்களே கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன். கல் எழும்பிய இடத்தில் ஈரமணல் அதன் வடிவத்திலேயே குழிந்து கிடந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துச் செல்லலாம் என்றார்கள். நானும் ஒன்றை மிதிவண்டிக் கூடையில் வைத்துக்கொண்டேன். பல பத்தாண்டுகளாகக் கஞ்சா வெளிப்படையாக விற்கப்பட்ட தெரு அது. ஆட்சியாளர் வேண்டாம் என்று கூடிவாழத் தொடங்கியவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே மூட இத்தனை காலம் ஏன் பிடித்தது என்ற கேள்விதான் என்னை அங்கே இழுத்து வந்தது.

அராஜகம் என்ற சொல்லைத் தமிழில் வசவாகவே பயன்படுத்திப் பழகிவிட்டோம். மேலதிகாரம் இல்லாமல் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் மனிதர்களின் ஏற்பாடு என்ற பொருளில்தான் அதை இங்கே எழுதுகிறேன். கிறிஸ்டியானியாவின் தொடக்கமும் அப்படிப்பட்டதே. ராணுவம் காலி செய்துவிட்டுப் போன படைமுகாம் ஒன்று, நகரின் நடுவிலேயே, ஏரிக்கரையும் பழைய கோட்டை மதில்களுமாகப் பூட்டிக் கிடந்தது. 1971 செப்டம்பரில் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்று வேலியைப் பிரித்து உள்ளே நுழைந்தார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி குடியிருப்பு அறிவிக்கப்பட்டது. ஜேக்கப் லுட்விக்சன் என்ற பத்திரிகையாளர், 8-ஆம் எண் பேருந்தில் ஏறி அங்கே குடிபெயரும்படி தம் பத்திரிகையில் அழைப்பு விடுத்தார். வீடில்லாத இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே கொள்கையுடன் வந்தவர்களாக இருந்திருக்க முடியாது. தேவைதான் அவர்களை ஒன்று சேர்த்தது. மறு ஆண்டே தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பணம் செலுத்த அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்; 1973-இல் அரசு அதைச் சமூகப் பரிசோதனை என்று ஏற்றுக்கொண்டது.

இப்படிப்பட்ட எத்தனையோ முயற்சிகள் ஓரிரு ஆண்டுகளில் கலைந்துபோக, இது மட்டும் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்பதற்கு நான் காணும் முதற்காரணம், அங்கே எவரும் வீட்டை விற்க முடியாது என்பதுதான். தன் கையாலேயே கட்டிய வீடானாலும், வெளியேறும்போது அதை விலை பேச முடியாது. அடுத்து யார் வருவது என்பதை அந்தப் பகுதியின் கூட்டம் முடிவு செய்கிறது. வயதுவந்தோர் மாதந்தோறும் பொதுப் பணப்பெட்டிக்குச் செலுத்தும் தொகையிலிருந்து குப்பை அகற்றுவது முதல் பழுதுபார்ப்பது வரை நடக்கிறது. 2011-இல் நாட்டின் உச்சநீதிமன்றம் நிலம் அரசுக்கே உரியது என்று தீர்ப்பளித்த பின், ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி, 2012-இல் சுமார் 7.6 கோடி டேனிஷ் குரோனருக்கு நிலத்தில் ஒரு பகுதியையும் கட்டடங்களையும் அதன் பெயரில் வாங்கினார்கள். அதற்காக மக்களிடம் விற்ற பங்குப் பத்திரங்கள் வாங்கியவருக்கு ஒரு சாண் நிலத்தையும் தருவதில்லை. தனியுடைமையை மறுத்தவர்கள் நிலம் வாங்கியது சமரசம் என்று குறைகூறுவோர் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

இரண்டாவது செய்தி கடினமானது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒப்பும்வரை பேசுவார்கள். ஒருவர் மறுத்தாலும் முடிவு தள்ளிப்போகும். எண்ணிக்கையில் சிறியவர்களை இந்த முறை காத்தது; மாற்றத்தை விரும்பாதவர்களுக்கும் அதுவே கவசமானது. 1979-இல் ஹெராயினால் பலர் இறந்தபோது, குடியிருப்பாளர்கள் நாற்பது நாள் இரவு பகலாகச் சுற்றிவந்து, சிகிச்சைக்கு வா, இல்லையேல் வெளியேறு என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அந்தப் பொருளை வெளியேற்றினார்கள். ஆனால் கஞ்சாக் கடைகள் படிப்படியாகக் கும்பல்களின் பிடிக்குள் போனபோது அதே மன உறுதி வாய்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் அந்தத் தெருவில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போன பிறகே, அரசும் மாநகராட்சியும் துணைநிற்க, கற்களைப் பெயர்க்கும் நாள் வந்தது. முடிவெடுக்கத் தாமதித்த ஆண்டுகளுக்கு யாரோ உயிரை விலையாகக் கொடுத்தார்கள் என்ற எண்ணம் என்னை இன்னும் வருத்துகிறது.

கோபன்ஹேகனில் வாழ்ந்த நாட்களில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பழைய பட்டறைக் கட்டடத்தை எடுத்துக் கூட்டாக வாழத் திட்டமிட்டோம். ஓராண்டு வாரந்தோறும் கூடினோம். கொள்கை அறிக்கையை மட்டும் நான்கு முறை திருத்தி எழுதினோம். எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம். வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவது, பாதியில் போகிறவருக்கு முன்பணம் எப்படித் திரும்பும் என்று கட்டட உரிமையாளர் கேட்ட அன்று எங்களிடம் பதில் இல்லை. இரண்டு வாரங்களில் பிரிந்தோம். ஒத்த கருத்துள்ளவர்களைத் தேடுவதிலேயே அந்த ஆண்டைச் செலவிட்டது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அவர்களில் நால்வருடன் அண்மையில் மீண்டும் பேசத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை அறிக்கை எதுவும் எழுதவில்லை. வெளியேறுபவர் தன் முன்பணத்தை மட்டுமே பெறுவார், அறையை யாருக்குத் தருவது என்பதை எஞ்சியவர்கள் முடிவு செய்வார்கள் என்பதை முதல் வரியாக எழுதி ஐவரும் கையெழுத்திட்டோம். நால்வர் சரி என்று சொல்லி ஒருவர் மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வியை இரண்டாவதாக எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே கூடுகிறோம்.