பால் பத்தலையாம்!

பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். ராத்திரி மூன்று மணிக்கு அவனும் அழுகிறான், நானும் அழுகிறேன். "பால் பத்தலையோ? பவுடர் கலக்கட்டுமா?" என்று அத்தை கேட்டதும் எனக்கு முகம் வாடிப்போனது.

மறுநாள் பாலிகிளினிக்கில் தாதி அக்கா முதலில் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை ஈர நேப்பி என்று. ஆறு, ஏழு. "அப்போ பால் போகுதும்மா." அவன் காம்பை மட்டும் கவ்வியிருந்ததைப் பார்த்துவிட்டு, வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை முதலில் படும்படி அணைக்கச் சொன்னார். வலி குறைந்தது. விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது! 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்புதானாம்.

இந்த வயதில் பிள்ளையின் கண்ணுக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியுமாம். மடியிலிருந்து என் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. பால் கொடுக்கும்போது இப்போதெல்லாம் கைப்பேசியைத் தொடுவதில்லை (சரி, பெரும்பாலும்).

பால் ஊறும் என்று அத்தை பால்சுறா மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குக் கிளம்பினார். சுறாவில் பாதரசம் அதிகம் என்று தடுத்துவிட்டேன். அப்புறம் என்ன, தினமும் பூண்டுக் குழம்புதான். லிஃப்ட் வரைக்கும் மணக்கிறது.