வெறும் பைக்குள் ஒரு சுருள்

எங்கள் உயிரியல் சேர் கரும்பலகையில் பக்டீரியாவை ஒரே கோட்டில் வரைந்துவிடுவார். நீள்வட்டம், உள்ளே ஒரு டிஎன்ஏ முடிச்சு, சுற்றிலும் சில புள்ளிகள். "குழியவன்கூடு, அதாவது கலத்தை உள்ளிருந்து தாங்கும் புரதச் சட்டகம், நமக்கும் தாவரத்துக்கும் பூஞ்சைக்கும் உண்டு. இது வெறும் பை" என்பார். எண்பதுகளில் எல்லாப் பாடநூல்களும் சொன்னது அதுதான்.

கடைசி வாங்கில் இருந்த நண்பன் ஒருவன் எழுந்து, "பை என்றால் உருண்டையாக அல்லவா இருக்க வேண்டும்? இது ஏன் கோல் மாதிரி இருக்கிறது?" என்று கேட்டான். கலச்சுவர்தான் காரணம் என்றார் சேர். "சுவருக்கு யார் சொன்னது?" என்றான். வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. சற்று நின்று, "தெரியாது, உட்கார்" என்றார். ஓர் ஆசிரியர் 'தெரியாது' என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

புலம்பெயர்ந்த பின் எனக்குக் கிடைத்தது ஓர் ஆய்வுகூடத்தில் பக்டீரியா வளர்க்கும் ஊடகம் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றும் வேலை. நான் விஞ்ஞானி அல்லன். விஞ்ஞானிகள் தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் இருந்தவன். பிரியும் கலத்தின் நடுவில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் வளையமாகக் கூடுவதை 1991இல் கண்டிருந்தார்கள். அது நமது குழியவன்கூட்டின் நுண்குழாய்களைக் கட்டும் டியூபியூலின் என்ற புரதத்தின் உறவு என்பது 1998இல் அமைப்புப் படங்கள் வந்தபோது உறுதியாயிற்று. ஆனால் நண்பனின் கேள்விக்குரிய புரதம் எம்ஆர்இ-பி. அமினோ அமில வரிசையை ஒப்பிட்டால் நம் தசையில் இருக்கும் அக்தின் என்ற புரதத்துடன் ஏறக்குறைய 15 சதவீதம்தான் ஒத்துப்போகும். மடிந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2001இல் வான் டென் என்ட், ஏமொஸ், லோவே என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் எரிங்டன் என்ற ஆய்வாளரின் குழு, பசிலசு சப்டிலிசு என்ற கோல் வடிவ பக்டீரியாவின் உள்ளே அது சுருள்சுருளாகச் சுற்றி ஓடுவதைக் காட்டியது.

அந்தச் சுருள் படத்தைப் பிரதி எடுத்து சேருக்கு அஞ்சலில் அனுப்பினேன். கூடவே, "உங்கள் வெறும் பைக்குள் கம்பி கட்டியிருக்கிறது" என்று ஒரு வரி. இன்று நினைத்தால் கொஞ்சம் திமிர்தான். ஆனால் அந்த நாள்களில் நான் கண்ணால் பார்த்தது அப்படிப்பட்டது: ஏ22 என்ற மருந்தை விட்டு எம்ஆர்இ-பியைக் குலைத்தால், கோலாக இருந்த ஈ.கோலி மெல்ல மெல்லப் பருத்து உருண்டையாகிவிடும். இயற்கையிலேயே உருண்டையாக இருக்கும் பக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மரபணுவே கிடையாது. சுவருக்குச் சொன்னது யார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நினைத்தேன்.

சாட்சி பிறழ்ந்தது. 2011இல் மூன்று ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. நீண்ட சுருளைக் காணவில்லை. சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிய சிறுசிறு துண்டுகள், கலத்தின் நீளவாட்டத்துக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நகர்ந்துகொண்டிருந்தன. சுவர் கட்டும் நொதிகளை மருந்தால் நிறுத்தினால் துண்டுகளும் நின்றுவிடும். மேசன் வேலையை நிறுத்தியதும் மேற்பார்வையாளரும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவதைப் போல. யார் யாரை இழுக்கிறார்கள் என்பதே தலைகீழானது. ஈ.கோலியில் பலர் படம்பிடித்த நீண்ட சுருள், ஒளிர்வதற்காகப் புரதத்தின் முனையில் ஒட்டிய மஞ்சள் புரதத்தின் கோளாறு என்று 2012இல் காட்டினார்கள். எத்தனை இரவுகள் அந்தச் சுருளை ரசித்திருப்பேன்!

சேருக்கு மறுகடிதம் எழுத நினைத்தேன், எழுதவில்லை. பிறகு எழுத சேர் இல்லை.

போன விடுமுறையில் பாடசாலைக்குப் போனபோது, ஆய்வுகூடச் சுவரில் நான் அனுப்பிய படம் மஞ்சளாகிப்போய் இன்னும் தொங்கியது. கழற்றிவிடலாமா என்று இப்போதைய ஆசிரியையிடம் கேட்டேன். "சேர் தம் கையால் ஒட்டியது" என்று மறுத்துவிட்டார். கீழே 'சுருள் அல்ல, நகரும் துண்டுகள்' என்று எழுதிவிட்டு வந்தேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. பென்சில்தான் கேட்டு வாங்கி எழுதினேன்.