பூஜ்யமும் புள்ளியும்: மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு

மருந்துச் சீட்டு என்றாலே டாக்டரின் கையெழுத்தைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதைவிடப் பெரிய பயம், பூஜ்யமும் புள்ளியும்தான்.

1 மி.கி. என்பதை 1.0 என்று எழுதினால், புள்ளி சரியாக விழாதபோது அது 10. அரை மில்லிகிராமை வெறுமனே .5 என்று எழுதினால் 5. பத்து மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும்! முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் வேண்டவே வேண்டாம், ஒன்றுக்குக் குறைந்த அளவென்றால் முன்னால் பூஜ்யம் கட்டாயம், அதாவது 0.5. இன்சுலினில் இன்னும் ஆபத்து. யூனிட் என்று முழுதாக எழுதாமல் ‘யு’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகும், சர்க்கரை சடாரென்று இறங்கி உயிரே போகலாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட ‘எழுதக் கூடாதவை’ பட்டியலில் இதெல்லாம் இருக்கிறது.

அப்புறம் பெயர்கள். வயிற்று அமிலத்துக்கான லோசெக்கை, நீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் என்று படித்துவிடும் குழப்பத்தால், அமெரிக்காவில் 1990-இல் லோசெக்கின் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள். மருந்துக்குப் பக்கத்தில் ‘நெஞ்செரிச்சலுக்கு’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், தவறான மருந்தை எடுத்த கை அங்கேயே நின்றுவிடும். எழுதுகிறவருக்கு இரண்டு நொடி வேலை, ஆனாலும் பெரும்பாலான சீட்டுகளில் அது இருப்பதில்லை, அதுதான் வருத்தம்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது நின்றுபோகும், சாவு வரை போகும். ‘வாரம் ஒரு முறை’ என்பதோடு நிறுத்தாமல் ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று கிழமையையும் எழுதுங்கள்.

குழந்தைக்கான சிரப்பென்றால் எடையைக் குறியுங்கள், மில்லிகிராம், மில்லிலிட்டர் இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் ஒரே மருந்து 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் வருகிறது.

சீட்டை வாங்குகிறவர்கள் ஒன்று கேளுங்கள். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை? பாரசிட்டமாலுக்குப் பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம், சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.