தலையாட்டாத ஒருவர்

புதுச்சேரியில் அச்சகத்தோடு சேர்ந்த ஒரு டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்தி அட்டை, ஸ்வீட் பாக்ஸ் என்று ஓடுகிறது பிழைப்பு. தீபாவளி நெருங்கினால் ஸ்வீட் பாக்ஸ் மட்டும்தான். கடைக்குக் கடை பெயர் மாறும். மெரூன் பின்னணியும் தங்க விளக்கும் மாறாது. எங்களில் யாருக்கும் கற்பனை இல்லாமல் இல்லை. மீட்டிங் அறைக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

முதலாளிதான் முதலில் பேசுவார். "தங்கக் கலர் எடுப்பா இருக்கும்ல?" என்பார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா சார்" என்பார். அப்புறம் வரிசையாக எல்லாத் தலையும் ஆடும். அப்படி முடிவான ஒரு டிசைனைக் காட்ட மிஷின்மேன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். திரையைப் பார்த்ததுமே சொன்னார்: "சார், நாலு கலர்ல தங்கம் வராது, கடுகு கலர்தான் வரும். மெட்டாலிக் இங்க் போடணும், இல்ல ஃபாயில் அடிக்கணும்." வழக்கமான நாலு மைகளைக் கலந்து அச்சடித்தால் தங்கப் பளபளப்பு வராது, தங்க மையோ பளபளக்கும் மெல்லிய தாளோ தனியாக வேண்டும். அச்சுத் தொழிலில் இது பாலபாடம், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. எழுத்து ரொம்பச் சின்னது என்றார் ஒருவர். விளக்கே எதற்கு என்றார் இன்னொருவர்.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் இதையே சோதித்துப் பார்த்தார். காட்டிய ஒரு கோட்டின் அதே நீளத்தில் இருப்பது மூன்று கோடுகளில் எது என்று சொல்ல வேண்டும், குழந்தைக்கும் தெரியும் விடை. கூட இருப்பவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தத் தப்பையே பின்பற்றியது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் போதும், அப்படிப் பின்பற்றுவது முன்பு இருந்ததில் கால்வாசியாகக் குறைந்துவிட்டது.

சேர்ந்து உட்கார்ந்தால் யோசனை கொட்டும் என்பதும் பாதி நம்பிக்கைதான். அதைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், எங்களைப் போல விளம்பரத் தொழில்காரர். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நால்வர் தனித்தனியாக யோசித்தவற்றைச் சேர்த்தால், நால்வர் கூடிப் பேசியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். தன் முறை வருவதற்குள் நினைத்தது மறந்துபோகும், அல்லது கூச்சம் வந்துவிடும்.

இதற்காக, தனித்தன்மை என்றால் யார் சொல்வதையும் காதில் வாங்காமல் இருப்பது என்று நினைக்கும் சில இளம் டிசைனர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வியாதி. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்த பாரதி எழுதுவதற்குத் தோப்பைத் தேடிப் போனவர்தான், அரவிந்தரோடும் வ.வே.சு. ஐயரோடும் பேசித் தீர்த்தவரும் அவரே.

இப்போது எங்களிடம் ஒரு சின்ன ஏற்பாடு. மீட்டிங்குக்கு முன்பே ஆளுக்கொரு தாளில் பெயர் போடாமல் வரைந்து வைத்துவிட வேண்டும், முதலாளி உட்பட. மிஷின்மேன் அண்ணனுக்கும் ஒரு தாள் உண்டு. முதலாளி கடைசியில்தான் பேசுவார். முதல் தடவை, விளக்கு இல்லாமல், ஜாங்கிரியின் சுழியையே பெட்டி முழுக்கக் கோலமாக இழுத்திருந்த ஒரு தாள் வந்தது. எல்லோருக்கும் பிடித்தது. ஸ்வீட் கடைக்காரர் மட்டும், "விளக்கு இல்லாம தீபாவளியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வரைந்த பையன் அசரவில்லை. ஜாங்கிரி இருந்த இடத்தில் முந்திரியை வைத்து, பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்குக் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.