கேளையாடு ஆடு இல்லை, வெளிமான் மான் குடும்பம் இல்லை

பூசைக்காகக் காரைக்குடி வீட்டைத் திறந்து சுத்தம் செய்தபோது, முகப்புச் சுவரில் இருந்த இரண்டு ஜோடிக் கொம்புகளையும் துடைக்க இறக்கினோம். ஐயா காலத்தவை, உரிமைச் சான்று இருக்கிறது (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை விற்கவோ வாங்கவோ கூடாது, யாராவது விலை கேட்டு வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்). ஒரு ஜோடி கிளை விட்டது, இன்னொன்று முறுக்கிக்கொண்டு எழுவது. அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, ரெண்டு மானையும் கொன்னுதான் எடுத்தாங்களா?"

கிளைக்கொம்பைத் திருப்பி அடியைக் காட்டினேன். மண்டையோடு ஒட்டாமல், சொரசொரவென்று வட்டமாக முடிந்திருந்தது. மிளாவின் கொம்பு, தானாக விழுந்தது. மிளா, புள்ளிமான், கேளையாடு எல்லாமே மான் குடும்பம். இவற்றில் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு, அது முழுக்க எலும்பு, விழுந்து விழுந்து முளைக்கும், முளைக்கிற காலத்தில் ரத்தம் ஓடும் மெத்தென்ற ரோமத்தோல் மூடியிருக்கும், முற்றியதும் மரத்தில் தேய்த்து உரித்துவிடும்.

முறுக்குக்கொம்பு வெளிமானுடையது. சிலர் கலைமான் என்பார்கள், சிலர் திருகுமான். பேரில்தான் மான், குடும்பம் என்று பார்த்தால் அது ஆடு மாடுகளோடு சேர்ந்தது. கேளையாடோ பேரில் ஆடு, குடும்பத்தில் மான். சங்கப் பாட்டில் முறுக்குக் கொம்புள்ளதை 'திரிமருப்பு இரலை' என்றே பாடியிருக்கிறார்கள். இரலை என்ற அந்த அழகான சொல்லைப் பேச்சில் விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தம்தான். இரலையின் கொம்புக்கு உள்ளே எலும்பு, மேலே நம் நகம் எதனால் ஆனதோ அதனாலான உறை, கிளைக்காது, சாகும்வரை விழாது. நாற்கொம்பு மானும் இந்த இரலை வகைதான், ஆணுக்கு நாலு கொம்பு. சருகுமானுக்குக் கொம்பே கிடையாது, அது தனிக் குடும்பம்.

விழாது என்றால் சுவருக்கு எப்படி வந்தது? அதை அவளே யோசித்துவிட்டாள். "அப்ப இது செத்துப்போச்சு" என்றாள். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. கொஞ்ச நேரம் முறுக்கின் வளையங்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் விடுமுறையில் கோடியக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். வெளிமானும் புள்ளிமானும் அங்கே ஒரே காட்டில் இருக்கின்றன, எது எது என்று அவளே சொல்லட்டும்.