வெகுசன இசைக் கருத்தரங்கை இணையத்துக்கு மாற்றும்போது: ராமநாதபுரம் கரையில் நடத்துவோருக்கு

இசைக் கருத்தரங்கை ஜூமுக்குக் கொண்டுபோனால் முதலில் கெடுவது பாட்டுதான். அந்தச் செயலி பேச்சுக்காகச் செய்தது. விடாமல் ஒலிக்கிற எதையும் இரைச்சலென்று நினைத்து அமுக்கும். இந்த மாவட்டத்தில் பிறந்த நாகூர் ஹனீபாவின் பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டு மைக் வழியாக அனுப்பிப் பாருங்கள். குரல் வரும். தாளம் விட்டுவிட்டு வரும், இழுத்துப் பாடுகிற இடத்தில் குரலும் தேயும். கட்டுரையே தாளத்தைப் பற்றியது என்றால், சான்று போய்ச் சேராது.

ஆகவே பாட்டைக் கணினிக்குள்ளிருந்தே அனுப்ப வேண்டும். திரையைப் பகிரும்போது 'ஷேர் சவுண்ட்' கட்டத்தில் டிக் செய்து ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். நேரடியாகப் பாடுபவர் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' போட வேண்டும். எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலேஷனை நிறுத்தினால் ஹெட்போன் கட்டாயம், அதுவும் வயர் உள்ளது. ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கும் சேர்ந்து ஓடினால் ஒலி போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும்.

இதைவிட நல்ல வழி, உரையை முன்கூட்டியே பதிவாக வாங்குவது. 15 நிமிடம், 720பி, நொடிக்கு 1.5 மெகாபிட் என்றால் கோப்பு சுமார் 170 எம்பிதான். ஒரு வாரம் முன்பே வாங்கி, யாராவது ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டுவிடுங்கள். நேரலைக்குக் கேள்வி பதில் போதும்.

யூடியூபில் சினிமாப் பாட்டோடு நேரலை வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் இடம் தருகிறது. ஆனால் பதிப்புரிமையுள்ள பாட்டைக் கண்டுபிடிக்க யூடியூப் வைத்திருக்கிற கன்டென்ட் ஐடி ஒரு இயந்திரம், பாட்டு பொருந்தினால் ஒளிபரப்பை நிறுத்தவும் கூடும். இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றினாலும் சோதிக்கும்.

கரையிலிருந்து வலை இழுக்கிற கரைவலைக்காரர்களை அவர்களுடைய வேலைப் பாட்டான அம்பா பாடச் சொல்வதென்றால் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அது. எடுப்பவர் பாம்பனிலும் வாங்குபவர்கள் தொண்டியிலும் இருந்தால், இணையத்தில் ஒலி போய்வருகிற தாமதமே 'ஏலேலோ'வைக் குலைத்துவிடும். கடற்கரை வேண்டாம், காற்று மைக்கை அறையும், வீட்டுக்குள் பாடட்டும். பதிவு செய்ய அவர்களிடம் முதலில் சம்மதம் கேளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மின்வெட்டும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். கருத்தரங்கை அப்போது வைக்கலாம்; நமக்கு மாலை 6.30 என்றால் லண்டனில் மதியம் 2, நியூயார்க்கில் காலை 9. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ், வேறு நிறுவன சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட், இரண்டும் தயாராக இருக்கட்டும். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை சிக்னலைப் பிடிப்பதுண்டு. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

ஒத்திகையையும் மாலை 6.30க்கே வையுங்கள். ஊரே போனைக் கையில் எடுக்கிற நேரம் அது; காலை 11 மணிக்கு ஓடிய இணைப்பு அப்போது திணறும்.