நெறிக்கட்டியை முழுசாக எடுத்துப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் அடிபடுவது டிபி பேச்சுதான். தப்பில்லை, நம் ஊரில் அதுதான் அதிகம். ஆனால் ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவான பதில் வராமலேயே டிபி மாத்திரையை ஆரம்பித்து, கட்டி கரையாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்களே, அங்கேதான் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை ஆரம்ப நிலையிலேயே பிடிக்கும் வாய்ப்பு கை நழுவிப்போகிறது.

ஊசியில் வருவது உதிரி செல்கள். லிம்போமாவின் வகையைத் தெரிந்துகொள்ள, செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகையில் கட்டியின் பெரும்பகுதி சாதாரண செல்கள்தான். புற்று செல் நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். அதனால் நெறியை முழுசாக அறுத்தெடுக்கும் பயாப்ஸியைக் கேளுங்கள். எடுத்ததை வாயகன்ற பாட்டிலில், திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றி அனுப்பவேண்டும். டிபி சந்தேகமும் இருந்தால் ஒரு துண்டைத் தனியாக சலைனில் போடச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் பலிக்காது. பயாப்ஸிக்கு முன்னால் வீக்கம் வற்றட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வேண்டாம். கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், ரிப்போர்ட் குழம்பிவிடும்.

ஒரே இடத்து நெறி என்றால் முதல் நிலை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசைக்கு மேலேயோ கீழேயோ, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று இடம் என்றால் இரண்டாம் நிலை. இதை உறுதி செய்ய, நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, முந்தின நாள் ஓட்டம், நீண்ட நடை போன்ற கடும் பயிற்சி கூடாது, சர்க்கரை 200க்குள் இருக்கவேண்டும்.

நோயின் நிலை ஒரே மாதிரி இருந்தாலும் லிம்போமாவின் வகை மாறினால் வைத்தியம் அடியோடு மாறும். ஹாட்ஜ்கினில் ஏபிவிடி என்ற நாலு மருந்துக் கீமோ கலவை, 15 நாளுக்கு ஒருமுறை. இரண்டு முறை போட்டால் ஒரு சைக்கிள். நெஞ்சில் பெரிய கட்டி இல்லை, ரத்தத்தில் பார்க்கும் ஈஎஸ்ஆர் அளவு அதிகமில்லை, நெறி இரண்டு இடத்துக்கு மேல் போகவில்லை என்றால் 2 சைக்கிளும் 20 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கதிர் சிகிச்சையும் போதும் என்று 2010இல் வெளியான ஜெர்மன் ஆய்வு காட்டியது. கதிர் பத்து நாள்தான். இதில் தேறாதவர்களுக்கு 4 சைக்கிள், 30 கிரே. இளம்பெண்ணுக்கு மார்பின் மேல் கதிர் படும் என்றால், பெட் சிடி சுத்தமாக வந்தபின் கதிரை விட்டுவிடலாமா என்று கேட்டே ஆகவேண்டும். நோய் திரும்பும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். பிற்காலத்தில் மார்பகப் புற்று வரும் பயம் குறையும். நானாக இருந்தால் இந்தக் கணக்கை டாக்டரோடு உட்கார்ந்து போடாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

பெரிய பி செல் என்ற லிம்போமா வகைக்கு ஆர்-சாப், அதாவது ரிட்டுக்சிமாப் என்ற மருந்தோடு சேர்ந்த கீமோ கலவை, 21 நாளுக்கு ஒருமுறை. 60 வயதுக்குள், ரத்த டெஸ்டில் எல்டிஎச் சரி, கட்டி 7.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் ஆறுக்குப் பதில் நாலு சைக்கிளும், கூடவே ரிட்டுக்சிமாப் மட்டும் இரண்டு டோஸும் போதும். ரிட்டுக்சிமாபுக்கு முன் மஞ்சள் காமாலை பி டெஸ்ட் கட்டாயம். உடம்பில் உறங்கும் வைரஸை அது எழுப்பிவிடும், ஈரல் போய்விடும். ஃபாலிகுலர் என்ற இன்னொரு லிம்போமா வகையில் முதல் நிலைக்குக் கீமோ இல்லாமல் 24 கிரே கதிர் மட்டுமே பெரும்பாலும் போதும். இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமா வகையில் எச். பைலோரி கிருமி இருந்தால், பல பேருக்கு 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸிலேயே நோய் அடங்கிவிடும்.

ஆர்-சாப்பில் ஒவ்வொரு சைக்கிளிலும் முதல் ஐந்து நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 100 மி.கி. காலைச் சாப்பாட்டுக்குப் பின் 20 மி.கி. மாத்திரை ஐந்து. பசி பிய்த்துக்கொண்டு வரும். ஆச்சி பாசத்தில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் எடுத்து வைப்பார், சர்க்கரை 300ஐத் தாண்டும். அந்த ஐந்து நாள் இட்லி, முட்டை, மீன் குழம்பு என்று ஓட்டுங்கள். இந்தக் கலவையில் உள்ள சிவப்பு மருந்து ஏறிய மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதறவேண்டாம், ரத்தமில்லை. இதே கலவையில் உள்ள வின்கிரிஸ்டின் மருந்தால் மலம் கட்டும். மலமிளக்கியை முதல் நாளே ஆரம்பிக்கவேண்டும்.

கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலு வரை கிருமியோடு போராடும் வெள்ளை அணு தரைதட்டும். தெர்மாமீட்டர் 100.4ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்பது இல்லை. மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டி போய்ச்சேர ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் முதல் கீமோ அன்றே, காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாடிக் ஊசி, எவ்வளவு என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, ராத்திரியும் திறந்திருக்கும் உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்கூட்டியே காட்டிப் பேசிவைத்துவிடுங்கள். முதல் டோஸ் அங்கே ஏறியபின் வண்டி கிளம்பட்டும்.